வைத்துவிட்டுப் போன குட்டி

எங்கள் ஊரில் மானை முன்பக்கமாகத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். துப்பாக்கி வைத்திருக்கிற ஒவ்வொருவனும் அப்படித்தான் சொல்லிக்கொள்வான். பின்பக்கமாகத் தெரிந்தவள் ஒருத்திதான், குமெர்சிந்தா விகாப். ஊருக்கு அவள் சிந்தா. என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் என்பதால் எனக்கு அவள் கொமாத்ரே, அவளுக்கு நான் கொம்பாத்ரே. எங்கள் பக்கம் அது கூடப்பிறந்த உறவை விடப் பெரிது. வா போ என்று பேசிக்கொள்ள முடியாது. ஆனால் மரியாதை குறையாமல் கேலி செய்யலாம், அதற்குத் தடை இல்லை. புழுக்கைக் கணக்குப்பிள்ளை என்று அவளுக்குப் பட்டம் வைத்தவனே நான்தான்.

என் பெயர் அனிசேத்தோ. சோளம் அரைக்கிற மில் என்னுடையது. விடிகிற நேரத்தில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சுண்ணாம்பு போட்டு வேகவைத்த சோளத்தை வாளியில் தூக்கிக்கொண்டு என் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியதால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சிந்தா வரிசையில் வந்து நின்றால் என்னால் சும்மா இருக்க முடியாது. பூவேலை செய்த வெள்ளை அங்கிக்குக் கீழே ஆம்பளை ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பாள். கொண்டையில் பூவுக்குப் பதில் ஒரு நீலப் பேனா.

"கொமாத்ரே, நேத்து எத்தனை குவியல்?"

"முப்பத்தொண்ணு, கொம்பாத்ரே. அதுல நாலு உங்க கொல்லை ஓரத்துல."

"கொண்டாந்திருந்தா அரைச்சுக் குடுத்திருப்பேனே."

"கொண்டாரேன். உங்க வாய்க்குள்ள போறதுக்கும் ஏதாவது வேணும்ல? அப்பதான் வெளிய வர்றது கொறையும்."

வரிசையே சிரிக்கும். அவளிடம் வாயைக் கொடுத்து நான் ஜெயித்த நாள் கிடையாது.

அந்த வேலை அவளுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். மெரிதா நகரத்திலிருந்து உயிரினங்களைப் பற்றிப் படித்த ஒரு பெண் எங்கள் ஊர்ப் பொதுக்கூட்டத்துக்கு வந்தாள். எங்கள் பொதுக்காட்டில் வெள்ளைவால் மான் எத்தனை இருக்கிறது என்று தெரிந்தால்தான் எத்தனை வேட்டையாடலாம் என்று சொல்ல முடியும், மான் ஒளிந்துகொள்ளும், புழுக்கை ஒளிந்துகொள்ளாது, அதை எண்ண ஆள் வேண்டும் என்றாள். ஆண்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தோம். சிந்தா கையைத் தூக்கினாள். பக்கத்தில் அவள் புருஷன் எவேலியோ, தேனீ வளர்க்கிற சாதுவான மனிதர், அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவள் மற்றக் கையைத் தூக்கினாள்.

காட்டுக்குள் நேர்கோட்டில் நடந்து, ஐம்பது எட்டுக்கு ஒரு குச்சி நட்டு, குச்சியில் கயிறு கட்டிச் சுற்றி வட்டம் போட்டு, உள்ளே கிடப்பதைப் பெருக்கித் தள்ள வேண்டும். ஒரு மாதம் கழித்து வந்து புதிதாக விழுந்த குவியல்களை எண்ண வேண்டும். ஒரு மான் ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது தடவை போடும். அதை வைத்து வகுத்தால் காட்டில் எத்தனை மான் என்று வந்துவிடும். வேலை அவ்வளவுதான். சிந்தா அதோடு நிற்கவில்லை. ஈரம் காயாமல் மினுங்கினால் இன்று காலை, மங்கினால் நேற்று, உடைத்துப் பார்த்தால் ரமோன் மரத்துத் தழையா, காட்டுப் பிளம் பழமா, எங்கள் அவரைக் கொடியா என்று தெரியும். எந்த இளமரத்தில் ஆண் மான் நெற்றியைத் தேய்த்து வாசனை வைத்திருக்கிறது, எந்தக் கிளையை நக்கிவிட்டு அதற்குக் கீழே தரையைப் பிராண்டியிருக்கிறது, எங்கே பெட்டை மான் படுத்து அசைபோட்டது, எல்லாம் அவள் நோட்டில் உண்டு. நாலாவது வருஷம் கூட்டத்தில் எழுந்து நின்று, "நூத்தி நாப்பது. இருபது கூடலாம், இருபது கொறையலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. பேசுவதற்கு யாரிடமும் வேறு எண் இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். அது அவள் கதைதான், நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

அந்த ஜூன் மாதம், முதல் மழை விழுந்து நாலு நாள் கழித்து, எரித்த கொல்லையில் சோளம் ஊன்றப் போனேன். கரிக்கட்டை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு மான் குட்டி கிடந்தது. கழுத்தைத் தரையோடு நீட்டி, காதை மடக்கி, மூச்சு விடுகிறதா என்றே தெரியாதபடி. முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் மிதித்திருப்பேன். சுற்றிலும் பார்த்தேன், தாயைக் காணோம். எங்கள் ஊரில் இப்படிக் கிடைக்கிற குட்டிக்கு விட்டுப் போன குட்டி என்று பேர். தாய் கைவிட்டதைத் தூக்கி வந்து வளர்ப்பது புண்ணியம், வீட்டுக்கும் நல்லது என்பார்கள். நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்குப் பாதை இருக்கும்போதே, நடுத்தெரு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் தோட்டத்துக்கும் சிந்தாவின் தோட்டத்துக்கும் நடுவே இடுப்புயரக் கற்சுவர். அவள் சுவர் மேல் கையூன்றிப் பார்த்தாள்.

"எங்க எடுத்தீங்க?"

"என் கொல்லையில. விட்டுப் போன குட்டி, கொமாத்ரே."

"விட்டுப் போன குட்டி இல்ல. வெச்சுட்டுப் போன குட்டி."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உங்களுக்கு ஒண்ணு. அதுக்கு வேற." விரலால் குட்டியைக் காட்டினாள். "பொறந்த குட்டிக்கு வாசனை கெடையாது. தாய்க்கு உண்டு. கூடவே நின்னா பூமாப்புலி மோப்பம் புடிச்சு வந்துரும்னு அவ தள்ளிப் போய் நிக்கிறா. நாளைக்கு ரெண்டு மூணு தடவை வந்து பால் குடுத்துட்டுப் போவா. இந்த நிமிஷம் உங்க கொல்லை ஓரத்துலதான் நிக்கிறா. இருட்டறதுக்குள்ள எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வந்துருங்க."

"மனுஷன் கை பட்டதைத் தாய் சேக்காதுன்னு சொல்வாங்களே."

"சொன்னது யாரு? திருப்பி வெக்க மனசு வராதவங்க."

நான் சிரித்தேன். என் மனைவி தெல்மீரா அதற்குள் ஆட்டுப்பாலைப் புட்டியில் ஊற்றி எடுத்து வந்துவிட்டாள். குட்டி உறிஞ்ச உறிஞ்ச அதன் குட்டி வால் ஆடியது. "புழுக்கையைப் பார்த்தே தாயோட மனசைப் படிக்கிறீங்க, பெரிய படிப்புதான்" என்றேன். மறுநாள் காலையில் சுவரோரம் சிந்தா வந்து நின்றாள். இன்னும் நேரமிருக்கு என்றாள். அடுத்த நாளும் வந்து அதையே சொன்னாள். நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். அதற்கடுத்த நாள் வந்தாள், ஒன்றும் பேசவில்லை. குட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஒருவழியாக வாயை மூடினாள் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

ரேய் என்று பெயர் வைத்தோம். ராஜா என்று அர்த்தம். ராஜாவாகத்தான் வளர்ந்தான். மழை முடிந்து குளிர் வருவதற்குள் புள்ளிகள் மறைந்து சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு வந்துவிட்டது. மில் வாசலில் படுத்திருப்பான், வரிசையில் நிற்கிற பெண்களின் வாளியில் மூக்கை விடுவான். என் கையில் வியர்த்தால் உப்புக்காக நக்குவான். தெல்மீராவின் செம்பருத்திச் செடியில் ஒரு பூ மிஞ்சாது. நாய் குரைத்தால் வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டிக்கொண்டு ஓடுவான், ஓடி வந்து நிற்பது என் முதுகுக்குப் பின்னால். கண் படக்கூடாது என்று தெல்மீரா கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டினாள். அவளுக்கு அவன் பிள்ளை. எனக்கும்தான், அப்போது வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டாவது வருஷம் கொம்பு வந்தது, இரண்டு குச்சி. விழுந்தது. மூன்றாவது வருஷம் வந்தது கிளை விட்ட கொம்பு. வளர்கிற காலத்தில் அதன் மேலே மெத்தென்ற தோல் மூடியிருக்கும், தொட்டால் சூடாக இருக்கும், உள்ளே ரத்தம் ஓடுவது விரலுக்குத் தெரியும். அப்போது தொட்டால் சொகுசாகக் கண்ணை மூடிக்கொள்வான். மழைக்காலம் முடிந்ததும் அந்தத் தோல் நார்நாராக உரிந்து தொங்கியது. நாரத்தை மரத்தில் தேய்த்துத் தேய்த்து உரித்தான், உரிந்ததைத் தின்றான். டிசம்பர் பிறந்தபோது ஆறு முனை, வழவழவென்று. குவாதலூப்பே மாதா திருநாளுக்கு அந்தக் கொம்பில் காகிதப்பூ சுற்றி, ஊர்வலத்தில் மாதா படத்துக்கு முன்னால் அவனை நடத்திக்கொண்டு போவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு சிந்தா சுவர் மேல் கையூன்றி நின்றாள்.

"கழுத்தைப் பார்த்தீங்களா?"

"நல்லாத் தின்னுருக்கான்."

"தின்னு வீங்கல. காலம் வந்து வீங்கியிருக்கு. பின்னங்கால் மூட்டைப் பாருங்க, கறுத்துக் கெடக்கு. அதுமேலயே மூத்திரம் விட்டு ரெண்டு காலையும் சேத்துத் தேய்க்கிறான். நாத்தம் எங்க வீட்டுக்கு வருது."

"குளிப்பாட்டிடுறேன்."

"வெளையாடாதீங்க, கொம்பாத்ரே." அவள் குரலைத் தூக்கவில்லை. "காட்டுக் கிடாவுக்கு மனுஷன்னா பயம். அதனால அது மானோட மட்டும் சண்டை போடும். உங்க ரேய்க்கு பயம் போயிடுச்சு. மானையே பார்க்காம வளந்தவன். அவன் எடத்துல அவனுக்குச் சமமா நடமாடுற இன்னொரு கிடா யாருன்னு நெனைக்கிறீங்க?"

"யாரு?"

"நீங்கதான். கொல்லுவான்."

நான் சத்தமாகவே சிரித்தேன். கொம்பை அறுத்துவிடலாம், நானே செய்கிறேன் என்றாள். திருநாள் ஊர்வலம் என் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. "உங்களுக்கு எண்ண வேண்டியது வேற எடத்துல கெடக்கு, அங்க போய் எண்ணுங்க" என்றேன். கொமாத்ரேயிடம் பேசுகிற பேச்சு இல்லை அது. தெல்மீரா உள்ளே இருந்து என்னை முறைத்தாள்.

பத்தாம் தேதி, திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு. மில்லை நிறுத்திவிட்டு, வெயில் ஏறிய நேரத்தில், தோட்டத்தில் ரேயின் தொட்டியில் சோளத் தவிட்டைக் கொட்டக் குனிந்தேன். தலையில் ஓலைத் தொப்பி. குனிந்ததுதான் நான் செய்த தவறு என்று சிந்தா பிறகு சொன்னாள்: தலையைத் தாழ்த்தினால் மான் பாஷையில் வா பார்க்கலாம் என்று அர்த்தமாம். மூன்று வருஷம் மானோடு வாழ்ந்தவன், அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. ரேய் பக்கவாட்டில், காலை விறைப்பாக வைத்து வைத்து வந்தான். காது இரண்டும் பின்னால் ஒட்டியிருந்தது, முதுகு மயிர் நின்றது. விளையாட வருகிறான் என்று "வாடா ராஜா" என்றேன்.

முதல் குத்து வலது தொடையில். விழுந்தேன். இரண்டாவது குத்துக்கு வந்தவனின் கொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆளைவிட எடை குறைந்த மிருகம்தான், ஆனால் அந்தக் கழுத்தில் இருந்த பலத்தை நான் எந்த இயந்திரத்திலும் பார்த்ததில்லை. தெல்மீரா விளக்குமாற்றால் அவனை அடித்தாள், அழுதாள், மறுபடி அடித்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்கு வேண்டியது நான் ஒருத்தன்தான்.

சிந்தா சுவரைத் தாண்டி வந்தாள். கையில் அவள் வீட்டுக் கொக்கியிலிருந்து அவிழ்த்த வலைத்தூளி. எங்கள் ஊரில் கட்டில் கிடையாது, எல்லாரும் படுப்பது நூல் பின்னிய அந்தத் தூளியில்தான்.

"கொம்பை விட்டுறாதீங்க" என்றாள். பக்கத்தில் வந்து வலையை விரித்தாள். "இப்ப விடுங்க."

"விட்டா குத்துவானே."

"ஒரே ஒரு தடவை சொன்னதைக் கேளுங்க."

விட்டேன். வலை அவன் தலை மேல் விழுந்தது. ஆறு முனையிலும் நூல் மாட்டியது. அவன் உதற உதற இன்னும் சுற்றியது. சிந்தா தூளியின் இரண்டு கயிற்றையும் நாரத்தை மரத்தில், அவன் தேய்த்துத் தேய்த்துப் பட்டை போன அதே அடிமரத்தில் கட்டினாள். பிறகு என்னிடம் வந்து, உள்பாவாடையைக் கிழித்துத் தொடையை இறுக்கக் கட்டினாள். பிறகு சத்தம் கேட்டுச் சுவரோரம் வந்து நின்ற எவேலியோவிடம் ரம்பத்தை வாங்கிக்கொண்டு ரேயிடம் போனாள். எல்லாம் வரிசைப்படி, அவசரமே இல்லாமல்.

தரையில் கிடந்தபடி கேட்டேன், "அவனுக்கு வலிக்குமா?"

"நகம் வெட்டுனா வலிக்குமா? தோல் மூடியிருந்தப்ப வெட்டியிருந்தா ரத்தம் கொட்டியிருக்கும், உயிரு உள்ள கொம்பு. இப்ப இது செத்த எலும்பு. இன்னும் மூணு மாசத்துல தானா விழப்போறது." ரம்பம் ஓடியது. "உங்களுக்குத்தான் வலிக்கும். பேசாமப் படுங்க."

ஆஸ்பத்திரியில் இருபத்தேழு தையல். பார்க்க வந்த வேட்டைக்காரர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிப் பேசினார்கள்: குழியடுப்பு, வாழையிலை, ராஜாவின் கறி. நான் முடியாது என்றேன். காட்டில் விடலாமா என்று சிந்தாவைக் கேட்டேன். "காட்டுல மனுஷனைப் பார்த்தா ஓடுற மான்தான் பொழைக்கும். இவன் துப்பாக்கிக்காரனைத் தேடிப் போவான்" என்றாள். மூன்று ஊர் சேர்ந்து கம்பிவேலி போட்டு மான் வளர்க்கிற இடம் ஒன்று இருந்தது. அங்கே பேசி அவனைச் சேர்த்துவிட்டாள்.

நடக்க முடிந்ததும் போய்ப் பார்த்தேன். உள்ளே நாலு பெட்டை மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ரேய் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பியோரமாக வந்து, காதைப் பின்னால் ஒட்டி, இல்லாத கொம்பை என் பக்கம் தாழ்த்தினான். தான் ஒரு மான் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள விடாமல் செய்தவன் நான். பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன், பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த ஜூன். மழை விழுந்த வாரம். ஒரு நாள் மதியம் விறகு பொறுக்கப் போன தெல்மீரா, சால்வையில் எதையோ பொதிந்துகொண்டு வந்தாள். சால்வைக்குள்ளிருந்து புள்ளி போட்ட ஒரு முதுகு தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். ரேய் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"தனியாக் கெடந்துச்சுங்க. விட்டுப் போன குட்டி."

"வெச்சுட்டுப் போன குட்டி" என்றேன். என் வாயிலிருந்து அது வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சிரிப்பு போய்விட்டது. சால்வையை இறுக்கிக்கொண்டாள். "ஒரு வாரம் வெச்சிருந்துட்டு விட்டுடலாமே."

"ஒரு வாரத்துல தாய் போயிடுவா, தெல்மீரா." தொடையைத் தட்டிக் காட்டினேன். "அப்புறம் மூணாவது டிசம்பர் வரும்."

அவள் சால்வையை அவிழ்த்தாள். பிறகு குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் சுவரோரம் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக, கேலியில்லாமல் கொமாத்ரேயைக் கூப்பிட்டேன். கை பட்டுவிட்டதே, சால்வை பட்டுவிட்டதே, தாய் சேர்க்குமா என்று பதறினேன். அவள் பூட்ஸைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "தாய்க்கு அதோட குரல் தெரியும். நீங்க வாயை மூடிட்டு வந்தாப் போதும், அதைக் கேட்டுடுவா."

இடத்தைத் தெல்மீராதான் வந்து காட்டினாள். அவளே குட்டியை வாங்கித் தரையில் வைத்தாள். வைத்ததும் அது கழுத்தை நீட்டி, காதை மடக்கி, சருகோடு சருகாகிவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கெளம்புங்க" என்றாள் சிந்தா.

"தாய் வர்றவரைக்கும் நாம காவலுக்கு..."

"நாம நிக்கிறவரைக்கும் அவ வரமாட்டா. கேளுங்க."

கேட்டேன். முட்புதருக்கு அந்தப் பக்கம் குளம்பால் தரையைத் தட்டுகிற சத்தம். ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு. பிறகு மூக்கால் ஊதுகிற சீறல். எத்தனையோ வருஷமாக நான் கேட்ட சத்தம்தான். அது என்னைப் போகச் சொல்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. போனோம்.

இரவு தூக்கமில்லை. காலையில் மில்லுக்கு வந்த பெண்களைக் காத்திருக்க வைத்துவிட்டு சிந்தாவோடு ஓடினேன். குட்டி கிடந்த இடத்தில் சருகு அழுந்தியிருந்தது. குட்டி இல்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "பூமா அடிச்சிடுச்சு."

"அடிச்சிருந்தா ரத்தம் எங்க? இழுத்த தடம் எங்க?" சிந்தா மண்டியிட்டாள். "இங்க வாங்க. இது பெரிய குளம்பு, ஆழமா இருக்கு. ஒரே எடத்துல ரொம்ப நேரம் அசையாம நின்னுருக்கா. எதுக்கு நிப்பா? இதோ, அவ வயித்துக்கு நேர் கீழ சின்னக் குளம்பு, நாலஞ்சு தடவை மாத்தி மாத்தி வெச்சிருக்கு. குடிக்கிற அவசரம்." தடம் இரண்டும் சேர்ந்து புதருக்குள் போவதை விரலால் காட்டினாள். பெரிசுக்குப் பக்கத்தில் சின்னது.

பிறகு வழக்கம்போல் குச்சி நட்டு, கயிறு கட்டி, வட்டம் போட்டாள். சருகை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். முழுசாக ஒரு வட்டம் முடித்துவிட்டு, கொண்டையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டில் ஒரு பூஜ்ஜியம் போட்டாள்.

"ஒண்ணுமே இல்லையா?"

"இருக்காது. குட்டியோட புழுக்கையைத் தாய் நக்கித் தின்னுடும். வாசனை வெளிய போகக் கூடாதுன்னு. இந்தக் காட்டுல நான் எண்ண முடியாத மான் இது ஒண்ணுதான்." அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பெருமையாக இருந்தது, என்னவோ நானே பால் கொடுத்த மாதிரி.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அதைக் கேட்டேன். ரேய் போனதிலிருந்து கேட்கப் பயந்த கேள்வி.

"கொமாத்ரே, ரேயோட தாயும் அன்னிக்கு இப்படித்தான் நின்னாளா?"

அவள் நடையை எட்டிப் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து, பழைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து, பக்கத்தைப் புரட்டி என் கையில் கொடுத்தாள். அந்த ஜூன் மாதம். அனிசேத்தோ கொல்லை ஓரம் என்று என் பெயரே எழுதியிருந்தது. முதல் நாள் ஐந்து குவியல். இரண்டாம் நாள் எட்டு. மூன்றாம் நாள் ஏழு. எல்லாம் ஒரே மரத்தடியில், குளம்பால் தட்டித் தட்டி மண் குழிந்திருக்கிறது என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு. நாலாம் நாளுக்கு நேரே ஒரு பூஜ்ஜியம்.

சற்று முன்னால் காட்டில் பார்த்த பூஜ்ஜியம் போலவேதான் அதுவும் இருந்தது. மூன்று நாள் அந்த மரத்தடியில் ரேயின் தாய் நின்றிருக்கிறாள். நான் ஆட்டுப்பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஏன் இதைச் சொல்லல?"

"சொன்னேனே, கொம்பாத்ரே. மூணு நாளும் செவுத்துல நின்னு சொன்னேன்." நோட்டை வாங்கி டப்பாவில் வைத்தாள். "நாலாம் நாள் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா வந்து பார்த்துட்டுப் போனேன்."

டப்பாவை மூடினாள். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு, மீதி வட்டங்களை எண்ணக் காட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.